உள்வகைகள் வெளியே தலைகாட்டாமல் ஒரு லைப்ரரியை எழுதுவது

லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: பொதுவில் விட்டிருக்கும் எல்லா ஃபங்ஷன்களின் அறிவிப்பு வரிகளையும் ஒரே கோப்பில் தொகுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது வேண்டாம். என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது, என்ன பிழையை எறிகிறது என்பது போதும். பிறகு அதில் வருகிற ஒவ்வொரு வகையின் (டைப்பின்) பெயரையும் அடிக்கோடிட்டு, "நாளைக்கு இதன் உள்ளமைப்பை மாற்றினால் யாராவது சண்டைக்கு வருவார்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருவார்கள் என்று தோன்றுகிற வகைகளில் பாதியை நீங்கள் வெளியே விட நினைத்தே இருக்க மாட்டீர்கள்.

பிரைவேட் என்று போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரைவேட் என்பது அந்த வகையின் கதவை மட்டும்தான் பூட்டுகிறது. அந்த வகையைத் திருப்பித் தருகிற ஒரு பொது ஃபங்ஷன் இருந்துவிட்டால் ஜன்னல் வழியாக அது வெளியே வந்துவிடும். ஆகவே எந்த வகை எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதைவிட, பொது ஃபங்ஷன்களிலிருந்து கிளம்பினால் எந்தெந்த வகைகளைச் சென்றடைய முடிகிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு. ஃபங்ஷன் தரும் வகை, அந்த வகையின் பொதுப் புலங்கள் (ஃபீல்டுகள்), அந்தப் புலங்களின் வகைகள் என்று சங்கிலியின் கடைசிவரை போக வேண்டும்.

கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு

நான் பராமரிக்கும் லைப்ரரி பதிவுக் கோப்புகளைப் படிப்பது. வெளியே தெரிய வேண்டியவை இரண்டே வகைகள்: 'லாக்ஃபைல்', 'என்ட்ரி'. கோப்பைத் திறந்தால் முதலாவது கிடைக்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாக இரண்டாவது கிடைக்கும். வேகமாகத் தேடுவதற்காக உள்ளே 'பிளாக்இன்டெக்ஸ்' என்று ஒரு வகை உண்டு. கோப்பின் எந்த பைட்டில் எந்தத் தொகுதி தொடங்குகிறது என்பதை 32 பிட் எண்களாக அது வைத்திருந்தது.

லைப்ரரி என் கைக்கு வந்தபோதே 'தேடு' ஃபங்ஷன் இந்த பிளாக்இன்டெக்ஸை அப்படியே திருப்பித் தந்துகொண்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து தேடலைத் தொடர்வதற்கு அது வசதி. பயனர்களும் சும்மா இருக்கவில்லை. அதன் 'ஆஃப்செட்' புலத்தை எடுத்துத் தங்கள் தரவுத்தளத்தில் சேமித்தார்கள். இரண்டு ஆஃப்செட்டுகளைக் கழித்து "எவ்வளவு பதிவு சேர்ந்திருக்கிறது" என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 32 பிட் எண்ணில் 4,29,49,67,296 மதிப்புகள்தான் அடங்கும். அதாவது 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பில் இடம் குறிக்க முடியாது. அதை 64 பிட் ஆக்குவது எங்கள் பக்கத்தில் சில வரி வேலை. அவர்கள் பக்கத்திலோ அட்டவணையின் நெடுவரிசை வகையிலிருந்து வரைபடம்வரை எல்லாவற்றையும் தொட வேண்டியிருந்தது. அவர்கள் செய்ததில் பிழை எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த புலத்தைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

இதற்கான தீர்வாக, பிளாக்இன்டெக்ஸின் இடத்தில் 'புக்மார்க்' என்று ஒரு புதிய பொது வகை வந்தது. அதற்குப் பொதுப் புலம் கிடையாது. பயனர் அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை மூன்றுதான்: 'தொடர்' ஃபங்ஷனிடம் திருப்பிக் கொடுக்கலாம், இன்னொரு புக்மார்க்குடன் முந்தியதா பிந்தியதா என்று ஒப்பிடலாம், எழுத்துச்சரமாக்கிச் சேமித்துப் பிறகு மீட்கலாம். பைகளை வைத்துப் போகிற இடத்தில் தரும் டோக்கனைப்போல: பை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது டோக்கனைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. அந்த எழுத்துச்சரத்தின் முதல் எழுத்தாகப் பதிப்பு எண்ணைச் சேர்த்தேன். பழைய 32 பிட் புக்மார்க்குகளை இன்றும் லைப்ரரி படித்துக்கொள்கிறது. கழித்துப் பார்த்து வரைபடம் போட்டவர்களுக்கு 'இடைப்பட்ட பைட்டுகள்' என்று தனி ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த எண்தான். எங்கள் உள்ளமைப்பு அவர்களுக்கு எதற்கு?

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதி: பயனர் கையில் தங்கப்போகிற வகை என்றால் அதற்குப் பெயர் கொடு, உள்ளடக்கத்தைக் கொடுக்காதே. பெயரே இல்லாமல் ஒளித்தால் அதுவும் தொல்லைதான். பயனர் அதைத் தன் கிளாஸில் ஒரு புலமாக வைத்துக்கொள்ளவோ, தன் ஃபங்ஷனுக்கு அனுப்பவோ வழியில்லாமல் தவிப்பார்.

சி, சி++: தலைப்புக் கோப்பில்தான் எல்லாம்

சி மொழியில் இது மிக எளிது. அதனால்தானோ என்னவோ பலரும் செய்வதில்லை. தலைப்புக் கோப்பில் ஸ்ட்ரக்ட்டின் பெயரை மட்டும் அறிவியுங்கள். புலங்களை மூலக் கோப்பில் எழுதுங்கள். பயனர் அந்த ஸ்ட்ரக்டுக்கான பாயிண்டரை வைத்துக்கொள்ளலாம், உள்ளே கைவிட முடியாது. அதன் அளவும் அவருக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் புலம் சேர்த்தாலும் அவருடைய நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. அளவு தெரிந்தால் அந்த எண் அவருடைய இயங்குகோப்பிலேயே பதிந்துவிடும். புதிய லைப்ரரியில் ஸ்ட்ரக்ட் பெருத்திருந்தால் அவர் ஒதுக்கிய இடம் போதாமல் பக்கத்து நினைவகம் நாசமாகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அளவு தெரியாத பொருளை ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் தானே விடுபடும் நினைவகத்தில்) வைக்க முடியாது. உருவாக்க ஒன்று, விடுவிக்க ஒன்று என்று இரண்டு ஃபங்ஷன்களை நீங்கள்தான் தர வேண்டும். நினைவகத்தை உங்கள் லைப்ரரி ஒதுக்கியதால் விடுவிப்பதும் உங்கள் லைப்ரரியாகவே இருக்கட்டும். நொடிக்கு லட்சக்கணக்கில் உருவாகி மறையும் சின்னப் பொருட்களுக்கு இந்த முறையைத் திணிக்காதீர்கள். எங்கள் லைப்ரரியில் லாக்ஃபைலுக்கு இது பொருந்துகிறது, என்ட்ரிக்குப் பொருந்தாது.

தாமதமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி நல்ல சாட்சி. 2016 ஆகஸ்டில் வெளியான 1.1.0 பதிப்பில் அதன் பல ஸ்ட்ரக்டுகளின் புலங்கள் மூடப்பட்டன. அவற்றை எடுக்கவும் வைக்கவும் தனி ஃபங்ஷன்கள் வந்தன. அதுவரை புலங்களை நேரடியாகத் தொட்டுப் பழகிய நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. 1.0.2 பதிப்பையும் சேர்த்துத் தாங்க வேண்டியவர்கள், இல்லாத ஃபங்ஷன்களைத் தாங்களே எழுதி இடைநிரப்பினார்கள். அந்த முடிவு சரிதான் என்பதே என் கருத்து. தொடக்கத்திலேயே மூடியிருந்தால் யாருக்கும் தெரியாமலே முடிந்திருக்கும் வேலை அது.

சி++ இல் இதே வேலையைச் செய்யும் முறைக்குப் பிம்பிள் என்று பெயர். பொது கிளாஸுக்குள் ஒரேயொரு பாயிண்டர். உண்மையான புலங்களெல்லாம் மூலக் கோப்பில் இருக்கும் உள் கிளாஸில். க்யூட்டி நூலகங்கள் 'டி பாயிண்டர்' என்ற பெயரில் இதையே செய்கின்றன. முதன்முறை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். யூனிக் பாயிண்டரில் உள் கிளாஸை வைத்து, டிஸ்ட்ரக்டரை எழுதாமல் விட்டுவிட்டால், பயனரின் கோப்பைக் கம்பைல் செய்யும்போது "முழுமையற்ற வகையின் அளவைக் கேட்க முடியாது" என்ற பொருளில் ஒரு நீண்ட பிழை வரும். டிஸ்ட்ரக்டரைக் கம்பைலர் தானே உருவாக்க முயல்வதும், அந்த இடத்தில் உள் கிளாஸின் வரையறை அதன் கண்ணில் படாததுமே காரணம். டிஸ்ட்ரக்டரைத் தலைப்பில் அறிவித்துவிட்டு, மூலக் கோப்பில், உள் கிளாஸின் வரையறைக்குக் கீழே, 'டீஃபால்ட்' என்று எழுதினால் சரியாகிவிடும். இப்படி டிஸ்ட்ரக்டரை நீங்களே அறிவித்துவிட்டால் மூவ் கன்ஸ்ட்ரக்டர் தானாக வராது. அதையும் மூவ் ஒதுக்கீட்டையும் இதே மாதிரி அறிவித்து மூலக் கோப்பில் வையுங்கள். ஷேர்ட் பாயிண்டரில் இந்தத் தொல்லை வராது. அழிக்கும் முறையை உருவாக்கும்போதே அது பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்காக மட்டும் ஷேர்ட் பாயிண்டருக்குத் தாவாதீர்கள். பொருளை நகலெடுத்தால் இரண்டும் ஒரே உள்ளடக்கத்தைப் பகிரத் தொடங்கிவிடும்.

தலைப்பைச் சுத்தம் செய்தவுடன் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) பக்கமும் பாருங்கள். லினக்ஸில் பகிர்வு லைப்ரரி ஒன்றை எந்த விருப்பமும் (ஆப்ஷனும்) கொடுக்காமல் உருவாக்கினால் ஸ்டேடிக் அல்லாத எல்லா ஃபங்ஷன்களின் பெயர்களும் வெளியே தெரியும். விண்டோஸ் டிஎல்எல்களில் வழக்கமாக நிலைமை நேர்மாறு: குறித்தவை மட்டுமே வெளியே தெரியும். ஜிசிசி கம்பைலரின் 4.0 பதிப்பிலிருந்து, அதாவது 2005இலிருந்து, இயல்பாக எல்லாவற்றையும் மறைக்கும் விசிபிலிட்டி விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பொதுவில் விட வேண்டியவற்றை மட்டும் குறியுங்கள்.

கம்பைலர் எவ்வளவு கைகொடுக்கும்?

மொழிக்கு மொழி இது மாறும். உங்கள் மொழி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு விழிப்பு தேவை என்பதும் தெரிந்துவிடும்.

சி ஷார்ப் கண்டிப்பானது. பொது மெத்தட் ஒன்று இன்டர்னல் வகையைத் திருப்பித் தந்தால் சிஎஸ்0050 என்ற பிழையுடன் நிறுத்திவிடும். காட்லினும் ஸ்விஃப்டும் அப்படியே. ஜாவா கண்டுகொள்ளாது: பொது மெத்தட் பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும் கிளாஸைத் தரலாம், கம்பைலர் வாய் திறக்காது, பயனர்தான் அந்தப் பெயரை எழுத முடியாமல் விழிப்பார். கோ மொழியும் இதை அனுமதிக்கிறது. சிறிய எழுத்தில் தொடங்கும் வகையை ஒரு பொது ஃபங்ஷன் தந்தால் பயனர் அதை மாறியில் பிடித்து, பெரிய எழுத்தில் தொடங்கும் அதன் புலங்களையெல்லாம் படிக்கலாம். மறைத்துவிட்டோம் என்ற நினைப்பு நமக்கு, புலங்கள் அவருக்கு.

ஆனால் கோ மொழியில் ஓர் அருமையான வசதி உண்டு: 'இன்டர்னல்' என்ற பெயரில் உள்ள அடைவுக்குள் இருக்கும் பேக்கேஜை, அந்த அடைவின் தாய் அடைவுக்கு வெளியிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. 1.4 பதிப்பில் கோவின் சொந்த மூலநிரலுக்கு மட்டும் வந்து, 1.5இலிருந்து எல்லாருக்குமானது. கோ மொழியில் எழுதுகிறவர்கள் புதிய பேக்கேஜை முதலில் அங்கேயே தொடங்குங்கள். வெளியே எடுப்பது எப்போதும் எளிது.

ரஸ்ட் முன்பு பிரைவேட் வகை பொதுவில் வந்தால் பிழை என்றது. 2023 நவம்பரில் வந்த 1.74 பதிப்பிலிருந்து பல இடங்களில் அது எச்சரிக்கையாகத் தளர்ந்தது. அதற்கு முன்பும் ஓர் ஓட்டை இருந்தது: 'பப்' (பொது) என்று குறித்த வகையை பிரைவேட் மாட்யூலுக்குள் வைத்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது. சில நேரங்களில் வேண்டுமென்றே இதைச் செய்வதுண்டு; யாரும் வெளியிலிருந்து ஒரு டிரெய்ட்டை (ரஸ்டில் இடைமுகத்துக்குப் பெயர்) செயல்படுத்திவிடாமல் தடுக்கும் 'சீல்டு டிரெய்ட்' உத்தி இதன்மீதுதான் நிற்கிறது. தெரிந்து செய்தால் உத்தி, தெரியாமல் நடந்தால் கசிவு.

பைத்தானில் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. அதை மதிப்பதும் மீறுவதும் பயனரின் மனசாட்சி. டைப்ஸ்கிரிப்டில் ஏற்றுமதி செய்யாத இன்டர்ஃபேஸையும் 'ரிட்டர்ன்டைப்' என்ற வசதியால் பயனர் வெளியே இழுத்துவிடுவார். குறைந்தது பேக்கேஜ் கோப்பில் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதியை எழுதிவிடுங்கள். உட்கோப்புகளை நேரடியாக இறக்குமதி செய்வதையாவது அது தடுக்கும்.

யாரும் பார்க்காத கசிவுகள்

ஃபங்ஷன் தரும் வகையைச் சரிபார்ப்பவர்கள்கூட பிழை வகையைப் பார்ப்பதில்லை. எங்கள் தேடல் உள்ளே ஒரு சிறிய தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது. கோப்பு சிதைந்திருந்தால் தரவுத்தள டிரைவரின் பிழை அப்படியே பயனரிடம் போய்ச் சேரும். அவர் அதைப் பிடித்துக் கையாளத் தொடங்கிய நாளிலிருந்து அந்த டிரைவரும் உங்கள் பொது இடைமுகத்தின் ஓர் உறுப்பு. நாளை தரவுத்தளத்தை மாற்றினால் கம்பைல் ஆகும், சோதனைகளும் தேறும். பயனரின் கையாளும் பகுதி மட்டும் ஓசையில்லாமல் செயலிழந்து கிடக்கும். அதனால் லைப்ரரியின் எல்லையில் எல்லாப் பிழைகளையும் சொந்தப் பிழை வகையாக மாற்றுங்கள். அதில் 'கோப்பு இல்லை', 'சிதைந்துள்ளது', 'அனுமதி இல்லை' என்று பயனர் முடிவெடுக்கத் தேவையான பிரிவுகளை மட்டும் வையுங்கள். மூலப் பிழையின் விவரம் செய்தி வரியில் இருந்தால் போதும்.

ரஸ்டில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். பிழையை அழைத்தவரிடமே அனுப்பிவிடும் கேள்விக்குறி ஆபரேட்டர் வசதியாக ஓட வேண்டும் என்று, டிரைவரின் பிழையிலிருந்து நம் பிழைக்கு 'ஃப்ரம்' டிரெய்ட்டைச் செயல்படுத்துவார்கள். அந்தச் செயலாக்கத்துக்கு பிரைவேட் என்று ஒன்று கிடையாது, அது பொது. டிரைவரின் பெயர் உங்கள் ஆவணத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'மேப் எர்ர்' போட்டு ஒவ்வோர் இடத்திலும் மாற்றுவது சலிப்பான வேலைதான். செய்யுங்கள். பிழைப் பிரிவுகளைப் பட்டியலிடும் ஈனம் வகையைப் பொதுவில் விடும்போது 'நான் எக்ஸாஸ்டிவ்' குறியையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் ஒரு பிரிவைச் சேர்க்கும்போது பயனரின் மேட்ச் உடையாது. 1.40 பதிப்பிலிருந்து அது இருக்கிறது.

அடுத்தது, பிறர் எழுதிய லைப்ரரிகளின் வகைகள். அவை உங்களுக்கு உள்விவகாரம், பயனருக்கோ வெளியே தெரிகிற ஒப்பந்தம். ஜாவாவில் நேரத்தைக் குறிக்க ஜோடா-டைம் பரவலாக இருந்தது. 2014இல் ஜாவா 8 தன்னுடைய சொந்த நேர வகைகளைக் கொண்டுவந்தது. ஜோடாவின் வகையை உள்ளே மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதை மாற்றுவது வீட்டுக்குள்ளேயே முடியும் வேலை. மெத்தட் வரிகளில் எழுதியிருந்தவர்கள் பயனர்களையும் சேர்த்து இழுக்க வேண்டியிருந்தது. மொழியின் நிலையான லைப்ரரியில் ஒரு வகை இருந்தால் அதையே கொடுங்கள். இல்லையென்றால் சொந்தமாக ஒரு மெல்லிய உறை வகை.

தாய் கிளாஸ் பற்றியும் ஒரு சொல். ஜாவாவில் பொது கிளாஸ் ஒன்று மறைந்த கிளாஸிலிருந்து வரலாம். ஸ்டிரிங்பில்டரே அப்படித்தான்: அதன் தாயான அப்ஸ்ட்ராக்ட்ஸ்டிரிங்பில்டர் வெளியே தெரியாது, ஆனால் தாயின் பொது மெத்தட்கள் பிள்ளை வழியாகக் கிடைக்கும். அளவோடு செய்தால் நல்ல முறை. மறைந்திருக்கிறதே என்று தாய் கிளாஸில் இஷ்டத்துக்குப் பொது மெத்தட்களைச் சேர்த்தால் அத்தனையும் பிள்ளையின் வாக்குறுதியாகிவிடும்.

சோதனைக்காக வகையைப் பொதுவாக்குவது சோம்பேறித்தனம். கோ, ரஸ்ட், ஜாவா மூன்றிலும் சோதனையை அதே பேக்கேஜிலோ மாட்யூலிலோ வைக்கலாம். சி ஷார்ப்பில் சோதனைத் தொகுதிக்கு மட்டும் இன்டர்னல் வகைகளைக் காட்டும் குறி இருக்கிறது.

ஏற்கெனவே கசிந்துவிட்டால்

ஒரே பதிப்பில் பிடுங்கி எறியாதீர்கள். புதிய வழியை முதலில் பக்கத்தில் வையுங்கள். பழைய ஃபங்ஷனை 'டெப்ரிகேட்டட்' என்று குறித்து, எதை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள். 'இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று மட்டும் எழுதுவது கோபத்தைத்தான் வளர்க்கும். அடுத்த பெரிய பதிப்பில் நீக்குங்கள். அதற்குள் யார் எதற்காக அந்த உள்வகையைத் தொட்டார்கள் என்று விசாரியுங்கள். எங்கள் வரைபடக்காரர்களைப்போல, அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் சின்னதாக ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜாவா தன் சொந்த உள்வகைகளை மூடுவதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். 2017 செப்டம்பரில் ஜாவா 9 மாட்யூல் முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய நிரல்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதை எச்சரிக்கையோடு அனுமதித்தது. 2021 மார்ச்சில் 16ஆம் பதிப்பு இயல்பாகவே தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 17 வந்தபோது, அந்தத் தடையை ஒட்டுமொத்தமாகத் தளர்த்தும் விருப்பமும் செயலிழந்தது. 'அன்சேஃப்' என்ற உள்வகையை மட்டும் உடனடியாக மூட முடியவில்லை. அத்தனை லைப்ரரிகள் அதன்மீது நின்றுகொண்டிருந்ததால் அதற்கென்று தனி மாட்யூல் ஒதுக்கித் திறந்தே விட்டார்கள்.

மறுபடி கசியாமல் இருக்க

பொது இடைமுகம் முழுவதையும் ஓர் உரைக் கோப்பாக எழுதிக் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கருவி அதைப் புதிதாக உருவாக்கி ஒப்பிடட்டும். ரஸ்டுக்கு கார்கோ பப்ளிக் ஏபிஐ, டைப்ஸ்கிரிப்டுக்கு ஏபிஐ எக்ஸ்ட்ராக்டர், காட்லினுக்கு பைனரி கம்பாட்டிபிலிட்டி வேலிடேட்டர், சி மற்றும் சி++ பகிர்வு லைப்ரரிகளுக்கு ஏபிஐடிஃப் என்று கருவிகள் தயாராக இருக்கின்றன. மாற்றத்தை மதிப்பாய்வு செய்கிறவர் ஆயிரம் வரி நிரலில் ஒரு பப்பைக் கவனிக்காமல் போகலாம்; இடைமுகக் கோப்பில் ஒரு புதிய வரி தோன்றினால் கவனிக்காமல் போக மாட்டார்.

இதோடு வெளிப்பயனர் நிரல் ஒன்றையும் வைத்திருக்கிறேன். தனி பேக்கேஜ், லைப்ரரியின் உள்ளே எதையும் அது பார்க்க முடியாது. லைப்ரரி தரும் ஒவ்வொரு வகையையும் அது ஒரு கிளாஸின் புலமாக வைக்கும், ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும், திருப்பி வாங்கும். பெயரை எழுத முடியாத வகை ஏதாவது வெளியே வந்திருந்தால் இது கம்பைல் ஆகாது. எல்லாம் அறிவிப்பு வரிகள்தான், எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

எல்லாவற்றையும் ஒளிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் என்ட்ரி வகையில் நேரம், நிலை, செய்தி என்ற மூன்று புலங்களும் பொதுவாகவே இருக்கின்றன. பதிவுக் கோப்பின் வடிவமே அவற்றை நிர்ணயிக்கிறது. நான் விரும்பினாலும் மாற்ற முடியாது. அவற்றுக்கு எடுக்க ஒன்று, வைக்க ஒன்று என்று ஃபங்ஷன்களை எழுதிக் குவிக்கும் திட்டம் எனக்கு இல்லை.